மீனெண்ணெய்க்கு உத்தரவு

மட்டுவில் வடக்கு,
3-2-1937

குணத்தின்ரை ஐயாவுக்கு,

இஞ்சை எல்லாரும் சுகம் எண்டு எழுதத்தான் பேனையை எடுத்தன். கை வரேல்லை. பிள்ளை குணத்துக்குப் பொழுதுபட்டாப் பிறகு கண் தெரியுதில்லை.

விளக்கு வைக்கிற நேரம் சுவரைத் தடவித் தடவி வாறாள். போன கிழமை தண்ணிக் குடத்தைத் தட்டி விழுத்தினாள். வேணுமெண்டு செய்யிறாள் எண்டு நானும் ஒரு அடி போட்டிட்டன். பிறகுதான் விளங்கினது. இடக்கண் வெள்ளையிலை சோப்பு நுரை மாதிரி ஒரு பொட்டும் இருக்கு.

பிள்ளைக்குச் சின்னமுத்துக் காய்ச்சல் மாறினது மார்கழியிலை. அண்டு தொட்டு உங்கடை அக்கா பத்தியத்தை விடேல்லை. கீரை குளிர், பழம் குளிர், பால் சளி எண்டு பிள்ளை உப்புக்கஞ்சியோடை கிடக்குது. நானும் மச்சாள் எண்டு அவவின்ரை சொல்லுக்கு மேலை போகேல்லை.

செவ்வாய்க்கிழமை மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனன். டொக்டரம்மா கண்ணை விரிச்சுப் பாத்திட்டு, என்ன சாப்பாடு குடுக்கிறியள் எண்டு கேட்டா. சொன்னன். "பத்தியம் எண்டு நீங்கள் மறிச்சு வைச்சதுதான் இவளுக்கு மருந்து" எண்டா. சாப்பாட்டிலை விற்றமின் எண்டு உயிர்ச்சத்துகள் இருக்காம். கண்ணுக்கு வேண்டினது முருங்கையிலையிலும் பப்பாசிப்பழத்திலும் பாலிலும் கிடைக்குமாம். பிள்ளையின்ரை உடம்பிலை அது வத்திப் போச்சாம். இனி இலையைக் குடுத்துக் காத்திருக்க நேரமில்லை, மீனெண்ணெய்தான் கெதியாப் பிடிக்கும் எண்டு ஒரு போத்தல் தந்தவ.

எங்கடை வீட்டிலை ஒரு முட்டைக்கோது கூட விழுந்ததில்லை. மச்சாள் போத்தலை உள்ளை கொண்டுவர விடேல்லை. தம்பி ஓம் எண்டு எழுதட்டும், பிறகு பாப்பம் எண்டிறா. அது வேலிக்கரையிலை பூவரசடியிலை இருக்கு. உடனை ஒரு ஓம் எழுதிப் போடுங்கோ. எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்.

கனகாம்பிகை


செரம்பான்,
மலாயா,
20-2-1937

அன்புள்ள கனகத்துக்கு,

உம்முடைய கடிதம் கண்டு மனம் சரியில்லை. பிள்ளையை அடிக்க வேண்டாம்.

ஆனால் நீர் கேட்டதுக்கு நான் எப்பிடி ஓம் எண்டு எழுதிறது? நான் சைவ தீட்சை கேட்டவன், மீன் மாமிசம் தொடாதவன். எங்கடை சனம் மீனெண்ணெய் குடிச்சோ இவ்வளவு காலமும் கண் பாத்தது? நந்தியாவட்டைப் பூச்சாறு விடும். பன்றித்தலைச்சி அம்மனுக்கு ஒரு நேர்த்தி வையும். கீரை வேணுமெண்டால் அக்காவைக் கேட்டுக் கொஞ்சம் குடும். தாயில்லாத என்னை வளத்து ஆளாக்கினவ அவ. பிள்ளை வளக்க அவவுக்கு ஒருத்தரும் சொல்லிக்குடுக்கத் தேவையில்லை. போத்தலைத் திருப்பிக் குடுத்துவிடும். அது வீட்டுப் படி ஏறினால் அந்தக் குசினியிலை நான் தண்ணி குடிக்கமாட்டன்.

எனக்கும் கொஞ்ச நாளாய்க் கால் கனக்குது. செருப்புக் கழண்டு போறதுகூடத் தெரியுதில்லை. சாப்பாட்டிலை குறையில்லை, மெஸ்ஸிலை மில்லிலை தீட்டின வெள்ளை அரிசிச் சோறு, பூப்போல இருக்கும். ரயில் ஸ்டேஷன் வேலைதான் கூட. பிள்ளைக்கு என்ரை முத்தம்.

சோமசேகரம்


செரம்பான்,
9-3-1937

கனகம்,

ஆஸ்பத்திரிக் கட்டிலிலை இருந்து எழுதிறன். பயப்பட வேண்டாம். கால் இரண்டும் வீங்கி ஸ்டேஷன் படியிலை விழுந்திட்டன். பெரிபெரியாம். வருசக்கணக்காய் வெள்ளை அரிசி திண்டதிலை வந்ததாம். தவிட்டோடை உயிர்ச்சத்தும் போயிட்டுதாம். நீர் எழுதின அதே சொல்லைத்தான் டொக்டரும் சொன்னார், விற்றமின் எண்டு.

ஊசி போட்டாப் பிறகுதான் என்ன மருந்து எண்டு கேட்டன். இஞ்சை மருந்து கட்டிற சிமியோன் எங்கடை ஊர்ப்பக்கத்து ஆள், ஒளிக்கத் தெரியாதவன். மாட்டீரலிலை எடுத்த சத்து ஐயா எண்டான். அண்டு இரவு சோறு தொடேல்லை. அடுத்த நாள் ஊசியோடை வந்தான். கையை நீட்டினன். உயிர் எண்டால் மனிசன் நீட்டுவான் கனகம்.

என்ரை காலுக்கு ஆரும் உத்தரவு கேக்கேல்லை. பிள்ளையின்ரை கண்ணுக்கு நான் மறிச்சுப்போட்டு இருக்கிறன். எண்ணெயைக் குடும். இண்டைக்கே குடும். அக்காவுக்கு வேறையாய் எழுதிறன். என்ரை முந்தின கடிதத்தை அடுப்பிலை போடும்.

சோமசேகரம்


மட்டுவில் வடக்கு,
30-3-1937

குணத்தின்ரை ஐயாவுக்கு,

உங்கடை இரண்டு கடிதமும் கிடைச்சது. உங்கடை கால் வீக்கம் வத்தி வருதெண்டு நினைக்கிறன்.

முதல் கடிதத்தைப் படிச்சுப்போட்டு நீங்கள் சொன்னபடி செய்தன். போத்தலைத் திருப்பிக் குடுத்துவிட்டன். பூச்சாறு விட்டன், அம்மனுக்கு நேர்த்தி வைச்சன், மச்சாள் ஓமெண்ட நாளிலை கீரை குடுத்தன். ஒரு நாள் விடிய இடக்கண் கருவிழி பால்போலை கலங்கிக் கிடந்தது. பிள்ளை வெளிச்சத்துக்குக் கண்ணை விரிக்கமாட்டாமல் என்ரை சீலைக்குள்ளை முகத்தை வைச்சுக்கொண்டு கிடந்தாள். அண்டைக்கு நான் ஆரையும் கேக்கேல்லை. தூக்கிக்கொண்டு பஸ் ஏறினன்.

டொக்டரம்மா என்னை ஏசேல்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். எண்ணெயைத் தன்ரை கையாலை பருக்கிப்போட்டு, வலக்கண்ணைக் காப்பாத்திப்போடலாம், இடக்கண்ணை இனி ஒண்டும் செய்யேலாது எண்டு சொன்னா. நாங்கள் வீட்டை வந்தாப் பிறகுதான் உங்கடை இரண்டாவது கடிதம் வந்தது.

இப்ப பொழுதுபட்டாலும் வலக்கண்ணாலை நடக்கிறாள். எண்ணெய் குடுக்கிறது உங்கடை அக்காதான். மூக்கைப் பொத்திக்கொண்டு கரண்டியிலை விட்டுப் பருக்கிறா. பிறகு கிணத்தடியிலை போய்த் தலையிலை தண்ணி வாக்கிறா. அழுகிறது ஒருத்தருக்கும் தெரியாதெண்டு நினைக்கிறா போலை.

உங்களுக்கு வீட்டிலை குத்தின புழுங்கலரிசி அனுப்பிறன். தவிடு போகாமல் நானே குத்தினது. மெஸ்காரனிட்டைக் குடுத்து வேறையாய்ச் சமைப்பியுங்கோ.

எனக்குக் கோபமில்லை. களைப்புத்தான். இனிப் பிள்ளையின்ரை காரியத்துக்கு உங்களிட்டை உத்தரவு கேட்டு எழுதமாட்டன். எண்ணெய்ப் போத்தல் குசினித் தட்டிலைதான் இருக்கு. வந்து தண்ணி குடிக்கிறதும் குடியாததும் உங்கடை விருப்பம்.

லீவு கிடைச்சு வந்தால், படலையைத் திறந்து பிள்ளையின்ரை வலப்பக்கமாய் வாருங்கோ. மற்றப் பக்கத்தாலை வந்தால், ஐயா வந்து நிக்கிறது அவளுக்குத் தெரியாது.

குணத்தின்ரை அம்மா