மணிக்கூடு சொன்ன தொண்ணூற்றேழு

ஜனவரி 7, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. நடைப்பயிற்சி இல்லை, சாட்டுக் கிடைத்த சந்தோஷம். கூடப்பிறந்த மூத்தவ, ராத்தாவின் மகன் கட்டாரிலிருந்து எனக்கு அனுப்பிய விளையாட்டு மணிக்கூடு கையில். மாமாவின் வயிற்றைக் குறைக்கவாம். வயிறு அப்படியே, கைதான் பாரம். எத்தனை எட்டு நடந்தேன், எப்படித் தூங்கினேன், இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு, எல்லாம் சொல்லும்.

தேத்தண்ணிக் கடையில் அதைக் கழற்றி ஒரு வாழைப்பழத்தில் கட்டினேன். ஒட்சிசன் 95! "மச்சான், ஒன்ன விடப் பழம் சுகமா இரிக்கி" என்றார் கடைக்காரர். கடை முழுக்கச் சிரிப்பு.

வாங்க: சீனி, டோர்ச் பற்றரி, ராத்தாவுக்கு இருமல் மருந்து.

ஜனவரி 9, வியாழன்

மழை விட்டது. ராத்தா வீட்டில் பேத்தியின் கலியாண அமளி. சனிக்கிழமை நிக்காஹ். மாப்பிள்ளையின் சாச்சி வந்து அலுமாரிக்குள்ளும் எட்டிப் பார்த்தாவாம். (நானும் பார்த்தேன். ஒன்றுமில்லை.)

ராத்தாவின் கைவிரல் பத்திலும் மருதோன்றி, கறுக்கக் கறுக்க. இருமல் ஒரு கிழமையாக. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு.

மணிக்கூட்டை அவ கையில் கட்டினேன். மெலிந்த கை, பட்டி தொளதொள. முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு 88. இறுக்கினேன்: 91. இன்னொருக்கா: 97. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

"எவ்வளவுடா தம்பி?"

"தொண்ணூற்றேழு. நீங்க பாஸ்."

"அப்ப கலியாணத்துக்கு நிப்பன்."

கழற்ற வேண்டாம் என்றா. ஊரில் பாதிப் பேருக்குக் காட்டியாயிற்று.

ஜனவரி 10, வெள்ளி

ஜும்ஆவுக்கு முன் ராத்தாவோடு டிஸ்பென்சரி. டொக்டர், இளம் பெண்பிள்ளை. விரலில் கவ்வி மாதிரி ஒரு மிசினை மாட்டினா. 84. முகம் மாறியது.

"விரல் முழுக்க மருதோன்றி, டொக்டர். மிசின் எப்பிடி உள்ளுக்குப் பாக்கும்? மணிக்கூடு தொண்ணூற்றேழு செல்லுது."

"மணிக்கூட்ட நம்ப ஏலா. கால்விரல்ல போட்டுப் பாப்பம்."

"கால்விரலால மூச்சு விட என்ட ராத்தா என்ன நண்டா?"

நேர்ஸ் சிரித்தா. ராத்தாவும் சிரித்து, இருமி, காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டா. "நாளைக்குக் கலியாணம், மகள். ஞாயித்துக்கிழம வாறன்."

டொக்டர் சிரிக்கவில்லை. இன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லித் துண்டு எழுதித் தந்தா. துண்டு என் சேர்ட் பொக்கற்றில்.

நண்டுக் கதையைப் பள்ளிவாசலடியில் மூன்று பேருக்குச் சொன்னேன்.

ஜனவரி 11, சனி

விடிய சுபஹ் தொழுத கையோடு ராத்தா மௌத். கதிரையில் உட்கார்ந்தபடியே உயிர் போயிருந்தது. மணிக்கூடு கையில்.

அதே பந்தல். அதே ஆட்கள். பிரியாணிச் சட்டிகள் கவிழ்த்தபடி. கலியாணத்துக்குக் கட்டிய சீரியல் பல்புகளை யாரோ கழற்றுகிறார்கள்.

கட்டாரிலிருந்து ராத்தாவின் மகன், போனில். நெடுநேரம் அழுகை மட்டும். பிறகு: "மாமா, அது ஓடுற ஆக்களுக்கு. வருத்தக்காரருக்கு, நோயாளிகளுக்கு இல்ல எண்டு பெட்டியிலயே எழுதியிரிக்கே."

பெட்டியில் என் மனைவியின் கொண்டை ஊசிகள். வாசிக்கவில்லை. வாழைப்பழத்தில் கட்டிப் பார்த்தவனுக்கு வாசிக்கவும் வேண்டுமா?

சேர்ட்டைத் தோய்க்கக் கேட்டா மனைவி. கொடுக்கவில்லை.

கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்ட வெள்ளைத் துணி கிழித்துத் தந்தார்கள். தம்பிதானே, நானே கட்டினேன். கால்விரல் பத்திலும் ஒரு பொட்டு மருதோன்றி இல்லை.