மாதிரிக்கு வைத்த முகம்

அண்ணா,

இன்று காலை திண்டிவனத்திலிருந்து வந்த பேனர் சுருளைப் பிரித்தேன். மை வாடை குப்பென்று அடித்தது. உடனே உங்கள் நினைவு.

விழுப்புரம் கடையில் நீங்களும் நானும் டிசைன் செய்வோம். திண்டிவனம் கடையில் ஏழுமலை ஆர்டர் வாங்கி, மெஷினில் அச்சடிப்பார். பாதி வேலை கண்ணீர் அஞ்சலி பேனர்தான். சரிபார்க்கச் சொல்லி வீட்டாருக்குப் போனில் அனுப்பும் லிங்க், அந்த இணைப்பு, முழநீளம் இருக்கும். சாவு வீட்டில் அதை யார் தட்டிக்கொண்டிருப்பார்கள்? அதைச் சுருக்கும் மென்பொருளை நம் கடைக் கம்ப்யூட்டரிலேயே போட்டீர்கள். அப்புறம் இணைப்பு இவ்வளவுதான்: கடைப் பெயர், ஒரு கோடு, ஒரு சொல். போனில் வாயால் சொன்னாலே போதும்.

"வெளியில இலவசமா கெடைக்குதேண்ணா?"

"அவன் நாளைக்கு மூடிட்டுப் போனா நம்ம லிங்க் எல்லாம் செத்துடும்மா. நம்மகிட்டயே இருக்கட்டும்."

கூட்டேரிப்பட்டு அருகே லாரி மோதி நீங்கள் போன அன்று, உங்கள் பேனரை நான்தான் செய்ய வேண்டியிருந்தது. இணைப்புக்கு உங்கள் பெயரைத் தட்டினேன். அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்றது கம்ப்யூட்டர். திறந்தேன். கண்ணீர் அஞ்சலி. மாலைக்குள் நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். தோற்றத்துக்கு எதிரே உங்கள் பிறந்த தேதி. மறைவுக்கு எதிரே ஒன்றுமில்லை.

உடனே ஏழுமலைக்குப் போன் செய்தேன்.

"அது சாம்பிளும்மா. வேற யாரு போட்டோ வெச்சாலும் சண்டைக்கு வர்றாங்கன்னு, எம் மூஞ்சியே போதும்னு வெச்சிக்கினாரு. இங்க ஆர்டர் குடுக்க வர்றவங்களுக்கெல்லாம் அதத்தான் அனுப்பிக்கினு இருந்தேன்."

அண்ணியிடம் வேறு படம் கேட்டேன். அவர் என் போனை வாங்கி அந்தப் பேனரையே வெகுநேரம் பார்த்தார். "இதுலதான் சிரிச்சிக்கினு இருக்காரு. இதையே போடும்மா."

தேதியை மட்டும் நிரப்பினேன்.

பேனர் கட்டிய தெருமுனையில், மயிலத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் நகராமல் நின்றார்.

"இவரு முன்னாடியே செத்துட்டாரேம்மா? எம் பொண்டாட்டி போனப்ப இந்த பேனர போன்ல பாத்தேன். அப்புறம் ஒரு நாளு டீக்கடையில நின்னுக்கினு இருந்தாரு. ஒடம்பெல்லாம் ஒதறிப் போச்சு. யாராண்டயும் சொல்லல."



காரியம் முடிந்ததும் மாதிரியிலிருந்து உங்கள் படத்தை எடுத்தேன். வெறும் கட்டமாக வைத்தால் யாருக்கும் பேனர் எப்படி வரும் என்று புரியவில்லை. படம் கொடுக்கவும் ஆளில்லை. கடைசியில் என் படத்தையே வைத்தேன். என் அம்மாவுக்கு இது தெரியாது.

போன வாரம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் என்னைப் பார்த்ததும் தன் பிள்ளையை வெடுக்கென்று இழுத்து அணைத்துக்கொண்டாள். எங்கோ அந்த இணைப்பைத் திறந்தவள் போலும்.

"நான் நல்லாத்தாங்க்கா இருக்கேன்" என்றேன்.

அவள் நம்பவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

உங்களையும் இப்படி எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? ஒரு வார்த்தை சொன்னதில்லையே அண்ணா. இப்போதெல்லாம் தெரியாதவர்கள் யாராவது உற்றுப் பார்த்தால், நான் முந்திக்கொண்டு சிரித்துவிடுகிறேன்.