டொமினிக்கின் விருந்துக்கு இரண்டு வள்ளங்கள்

யேசு மரி சூசை துணை

குருநகர்,
20.02.1995

அன்பு மகள் பெர்னடெட்டுக்கும் மருமகன் யூஜினுக்கும் இன்னும் என் கண் காணாத பேரன் டொமினிக்குக்கும் அம்மா எழுதிக்கொள்வது. எங்கள் கோயில் யாகப்பர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் வழக்கம்போல வாய்க்கு வாய் கொடுத்துக்கொண்டு சுகமாயிருக்கிறோம், நீங்கள் மூன்று பேரும் அங்கே சிட்னியில் சுகமாயிருக்க வேண்டுமென்று ஒவ்வொரு இரவும் செபமாலையில் கேட்கிறேன். உன் கடிதம் கப்பல் தபாலில் நனைந்து காய்ந்து பொரிக்காத அப்பளம் மாதிரி வந்து சேர்ந்தது, ஆனாலும் ஓர் எழுத்தும் அழியவில்லை. இங்கே தை மாதம் தொடக்கம் சண்டையை நிற்பாட்டியிருக்கிறார்கள், நீயும் அறிந்திருப்பாய். ஷெல் சத்தம் இல்லாமல் நித்திரை கொள்ளப் பழகத்தான் எனக்குக் கொஞ்ச நாள் எடுத்தது. பகலில் கரையோடு தொழிலுக்குப் போகலாம் என்று விட்டிருக்கிறார்கள், இரவில் இல்லை. அப்பாவும் உன் மாமா கிறகோரியும் கவிழ்த்துக் கிடந்த வள்ளத்தை ஓட்டை அடைத்துத் தார் பூசி இறக்கிவிட்டார்கள். முந்தநாள் அப்பா ஒரு பெரிய நண்டு கொண்டுவந்தார். உனக்கு நண்டுக்கால் என்றால் உயிர், அதை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் நானே சப்பினேன்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளை கோயிலில் முதன்முதல் நற்கருணை வாங்குகிற முதல் நன்மை விருந்தை மண்டபத்தில் வைக்காமல், உங்கள் துறைமுகத்தில் ஒரு கட்டுமரத்தை வாடகைக்குப் பிடித்து, வெளியாட்கள் இல்லாமல் நம்மட சனம் நாற்பது பேர் மட்டும் ஏறிப் பின்னேரம் நாலு மணியிலிருந்து எட்டு மணிவரை சுற்றப்போவதாக எழுதியிருந்தாய். அதை நான் வாசிக்கக் கேட்ட அப்பா தலையில் கையை வைத்துவிட்டார். "கட்டுமரத்திலை நாப்பது பேரோ? முதல் நன்மை குடுக்கிற கையோடை சுவாமியார் எல்லாருக்கும் சாகப்போறவைக்குப் பூசிற அவஸ்தையும் பூசிவிடவேண்டியதுதான்" என்றார். பிறகு நீ உள்ளே வைத்திருந்த படத்தைக் காட்டினேன். இரண்டு பக்கமும் இரண்டு அடிப்பாகம், நடுவில் மேடை, மேலே ஒரு மாடி, கதிரை மேசை, கக்கூஸ் வேறு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்துவிட்டு, "உதுக்கு ஆர் கட்டுமரம் எண்டு பேர் வைச்சது?" என்று ஒரு சிரிப்பு. அன்றைக்கு அவருடைய சட்டைப்பைக்குள் போன படம் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. கரையில் நிற்கிறவன் போகிறவன் எல்லோருக்கும் காட்டி, என்ரை மேள் பெர்னடெட் பிடிச்ச வள்ளம் என்று சொல்லித் திரிகிறார், நீ அதை விலைக்கு வாங்கிவிட்டாய் என்றுதான் பாதிச் சனம் நினைத்துக்கொண்டிருக்கிறது.

நீ புத்தி கேட்டபடியால் சொல்லுகிறேன், முதலில் அப்பா எழுதச் சொன்னது. படம் எடுக்கிறோம் என்று எல்லோரையும் ஒரு பக்கத்தில் குவிய விடக்கூடாதாம். வெறுவயிற்றோடு ஏறுகிறவர்கள்தான் சத்தியெடுப்பார்களாம், அதனால் ஏறமுதல் ஆளுக்கொரு பணிஸாவது கொடுக்கட்டாம். இனி நான் சொல்லுவது. வள்ளக்காரர்களே சாப்பாடு தருவார்கள், பாணுக்குள் எதையோ வைத்துத் தருவார்கள் என்று எழுதியிருந்தாய். பிள்ளை, கடலுக்குப் போகிற குருநகர்ச் சனத்துக்குப் பாணோ கொடுக்கிறது? கூழ் காய்ச்சு. ஒடியல் மா அங்கே கிடைக்காது என்று எனக்குத் தெரியும், கொழும்புக்குப் போகிற கமலாவதி ரீச்சரிடம் ஒரு பொதி கொடுத்துவிட்டிருக்கிறேன், அவ அங்கிருந்து உனக்குத் தபாலில் போடுவா. மாவை ஊறவிட்டு இரண்டு தரம் தண்ணீர் வடி, இல்லாவிட்டால் கைக்கும். மீன்தலை, நண்டு, இறால், பயிற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு எல்லாம் அவிந்த பிறகுதான் மாக்கரைசலை விடவேண்டும். வீட்டில் காய்ச்சி மூடிக் கொண்டுபோ, அவர்கள் விடமாட்டோம் என்றால் மருமகனை விட்டுக் கதைக்கச் சொல்லு, அவர் ஒரு நாளும் உரத்துக் கதைக்காத மனுசன், அப்படிப்பட்டவர் கேட்டால் ஒருவரும் மறுக்கமாட்டார்கள். இன்னொன்று, யூஜினின் அக்காவோடு நீ கதைக்காமல் இருக்கிறாய், அவவைக் கூப்பிடுவதா விடுவதா என்று கேட்டிருந்தாய். கட்டாயம் கூப்பிடு. மண்டபம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாதியில் எழும்பிப் போகலாம். கடலில் எங்கே போகிறது? எட்டு மணிக்குக் கரை வருமுன்னே இரண்டு பேரும் கதைத்துத்தான் ஆகவேண்டும்.

இவ்வளவும் நல்லாயிருந்தது. ஆனால் பொழுதுபட்டதும் முன் அணியத்திலிருந்து பின் கடையார்வரை நிறநிறமாக லைற் போட்டுப் பாட்டும் போடுவோம் என்று நீ எழுதிய இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். இரவில் கடலில் வெளிச்சமோ? பீடி பற்றவைத்ததற்கே துவக்குச் சூடு விழுந்த கடல் இது. இத்தனை வருசமாக ஒரு நெருப்புக்குச்சியை உரசப் பயந்து கிடந்த சனம் நாங்கள். அங்கே அப்படி இல்லை, அது விருந்துக்கான கடல் என்று அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். எனக்கும் தெரியும் பிள்ளை, ஆனால் படுத்தால் அந்த லைற்றுகள்தான் கண்ணுக்குள் வருகின்றன, நடுவில் நீ பிள்ளையோடு நிற்கிறாய். அடுத்த நாள் கோயிலுக்குப் போய், என்ரை மேள் அந்த வெளிச்சத்தைப் போடாமல் பார்த்துக்கொள்ளும் ஆண்டவரே என்று கேட்டேன். வெளிச்சம் வேண்டாம் என்று மெழுகுதிரி கொளுத்தினவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கடைசி வரியில் நீ எழுதியதை இவ்வளவு நேரமும் தொடாமல் வந்தேன். நீங்கள் இரண்டு பேரும் அந்த வள்ளத்தில் இல்லாவிட்டால் எனக்கு அது விருந்தே இல்லை என்று எழுதியிருந்தாய். விசாக் கந்தோரில் இல்லை என்று சொன்ன பிறகு அதைக் கதைத்து என்ன பிரயோசனம் என்று அப்பா பேசாமல் இருந்துவிட்டார். நான் அப்படி இருக்கமாட்டேன், எனக்கு அங்கே வரவேண்டும். ஒரு விருந்தும் வேண்டாம், மேல்மாடியும் வேண்டாம், டொமினிக் ஓரத்தில் எட்டிப் பார்க்கும்போது விழுந்துவிடாமல் பின்னுக்குச் சட்டையில் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும், அவ்வளவுதான். நீ போய்ப் பதினொரு வருசம். எனக்கு உன் குரல் மறந்துபோகிறது பெர்னடெட், அதை யாருக்கும் சொல்லவில்லை, உனக்குத்தான் எழுதுகிறேன்.

அப்பா பேசாமல் இருந்தார் என்று எழுதினேனே, சும்மா இருக்கவில்லை. போன ஞாயிறு பூசை முடிந்ததும் சுவாமியாரிடம் போய், உங்கள் விருந்து நடக்கிற அன்றைக்கு, உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு, வள்ளம் இறக்க உத்தரவு கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையில் உன் அப்பா வள்ளத்துக் கயிற்றைத் தொட்டு நீ பார்த்திருக்கிறாயா? பட்டினி கிடந்த காலத்திலும் தொடாத மனுசன். சுவாமியார் ஏன் என்று கேட்க, "தொழிலுக்கில்லை சுவாமி, பேரன்ரை விருந்துக்கு" என்றாராம். அவர் சிரித்துவிட்டு, "வலை ஏத்தாட்டிப் போயிட்டு வா" என்றாராம். இப்போது நாங்களும் ஒரு வள்ளம் பிடித்துவிட்டோம். அப்பா, நான், கிறகோரி, அவன் பெண்சாதி, நாலு பேர்தான், ஒரு பானை கூழ். நீங்கள் அங்கே கடலில் நிற்கிற நேரம் நாங்கள் இங்கே நிற்கவேண்டுமாம். வலை இல்லாமல் சந்தியோகு கடலுக்குப் போகிறான் என்று கரை முழுக்க அப்பாவைப் பகிடி பண்ணுகிறது.

நான் வரமாட்டேன் என்றுதான் முதலில் நின்றேன். பொழுதுபட்ட பிறகு கடலில் ஏறச் சொல்லுகிறீர்களே, உங்களுக்குப் புத்தி இல்லையா என்று ஏசினேன். அப்போது கிறகோரி, "அக்கா, ஒஸ்ரேலியாக் கிரிக்கெட் மச்சை நான் இஞ்சை விடியக்காத்தாலையெல்லோ சைக்கிள் டைனமோவைச் சுத்திச் சுத்தி ரேடியோவிலை கேட்டனான், அவையளுக்குப் பொழுதுபடேக்கை எங்களுக்கு மத்தியானம்" என்றான். இவ்வளவு நாளும் உனக்காகப் பயந்த பயத்தில் எனக்கு அது புத்தியில் ஓடவே இல்லை. நீ இருட்டுக்குள் லைற் போடுகிற நேரம் எங்கள் கடலில் நல்ல வெயில். மறுபடி கோயிலுக்குப் போய், நான் கேட்டது வேண்டாம் ஆண்டவரே என்று அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தேன்.

முதல் நன்மை வாங்குகிற நாளில் பிள்ளையை முழங்காலில் இருத்தி, அப்பாவின் பெயராலும் என் பெயராலும் நெற்றியில் சிலுவை போட்டுவிடு. மச்சாளைக் கூப்பிட மறக்காதே. எல்லோருக்கும் ஆண்டவர் துணை நிற்கட்டும். நீ பதில் போட்டு அது வந்து சேரக் காலம் போய்விடும், அதனால் நேரத்தை நானே சொல்லுகிறேன். உங்கள் ஆறு மணிக்கு லைற்றைப் போடு, எல்லாவற்றையும் போடு. இங்கே அப்போது ஒன்றரை மணி. முன்பு ராத்தொழிலுக்குக் கொண்டுபோன அரிக்கன் லாம்பைச் சாக்கிலிருந்து எடுத்துச் சிமினியைத் துடைத்து வைத்திருக்கிறேன், அதைக் கொளுத்தி நான் பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்த வெயிலுக்குள் லாம்பு எரிகிறதா என்று பக்கத்தில் இருக்கிற அப்பாவுக்கே தெரியாது. உனக்குத் தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
உன்னைக் காண ஆசைப்படும் அம்மா
ச. அருமைநாயகி