நீ வாங்கிய மரப்படகு

மச்சான்,

இன்று காலை மாடித் தண்ணீர்த் தொட்டியில் கசிவு என்று பிளம்பர் வந்திருந்தான். பையிலிருந்து இரண்டு பசை உருண்டைகளை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பிசைந்தான். அந்த நெடி கிளம்பியதுதான் தாமதம், காபி டம்ளரைக் கைப்பிடிச் சுவரிலேயே வைத்துவிட்டு நான் கீழே இறங்கி வந்துவிட்டேன். என்ன ஆச்சு என்று கேட்டாள் உன் தங்கை கலா. ஒன்றுமில்லை என்றேன். இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் நடத்துகிறவள் அதை நம்புவாளா? அவளும் உன்னைத்தான் நினைத்துக்கொண்டாள், முகத்தில் தெரிந்தது.

இரும்புலியூரில் உன் ஹார்டுவேர் கடைக்குள் நுழைந்தாலே இதே நெடிதான். சென்னையில் பெருவெள்ளம் வந்து வடிந்த பிறகு முடிச்சூரில் ஒரு வீடு பாக்கியில்லாமல் எல்லாரும் உன்னிடம்தான் ஒழுகலை அடைக்கிற டப்பா வாங்கினார்கள். சுவர், தரை, ஜன்னல் ஓரம் என்று எதையும் விடவில்லை. ஈரத்தைக் கண்டாலே அத்தனை பேருக்கும் ஆகாமல் போயிருந்த காலம் அது.

உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தப் படகு விஷயத்தில் நீ ஏமாந்துவிட்டதாக நினைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தாய். குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னது இன்னும் காதில் கிடக்கிறது. "அத வித்துடு மாப்ள. வெறகுக்குக் கூட எவனும் எடுக்க மாட்டான். நான் ஏமாந்த கதைய மட்டும் எவன்கிட்டயும் சொல்லிகினு இருக்காத." சொல்ல என்ன இருக்கிறது, ஊருக்கே தெரியும். ஆனாலும் சரி என்று தலையாட்டினேன். விற்கத்தான் இல்லை.

வெள்ளத்தில் மொட்டை மாடியில் மாட்டிக்கொண்ட உங்களைக் கடலோரத்துப் பிள்ளைகள் படகு கொண்டுவந்து ஏற்றிப் போனார்களே, அன்றைக்குப் பிடித்தது உனக்கு அந்தக் கிறுக்கு. இந்த ஊரில் கார் வைத்திருக்கிறவன் மடையன், படகு வைத்திருக்கிறவன்தான் மனுஷன் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாய். தமாஷ் என்று சிரித்தோம். சில வருஷம் கழித்து உன்னிடமிருந்த இரண்டு மனையில் ஒன்றை விற்று, கிழக்குக் கடற்கரைச் சாலை பங்களாவில் இருந்த ஒரு ரிட்டயர்டு கப்பல் கேப்டனிடம் அந்தப் பழைய மோட்டார் படகை வாங்கினாய். தேக்குப் பலகையில் கட்டியது, இரண்டு பேர் படுக்கிற அறை, பித்தளை ஜன்னல், நடுவில் யானைக்குட்டி மாதிரி ஒரு டீசல் எஞ்சின். முட்டுக்காட்டுத் தண்ணீரில் கிடந்ததை லாரியில் ஏற்றி, மிச்சமிருந்த மனையில் கொண்டுவந்து நிறுத்தினாய். கடலுக்கு அத்தனை தூரத்தில் படகு வைத்துப் பழுது பார்த்த ஆள் தமிழ்நாட்டிலேயே நீ ஒருத்தனாகத்தான் இருக்கும். ஆட்டோக்காரர்கள் "கப்பல்காரர் வூடு" என்று உன் வீட்டுக்கே வழி சொல்ல ஆரம்பித்தார்கள்.

உன் பெண்டாட்டி சுமதிக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. மனையை விற்று மரக்கட்டை வாங்கிய மனுஷன் என்று பொருமினாள். ஏன்டா இந்த வேலை என்று நானும் ஒரு நாள் கேட்டேன். நீ எஞ்சினைத் துடைத்துக்கொண்டே சொன்னாய்: "மழ பேஞ்சாலே சுமதி மூட்டய கட்டிகினு உக்காந்துக்கிறா. எத்தினி வருஷம் தண்ணிய பாத்து பயந்துகினே கெடக்கறது? ஒருவாட்டி அவள இதுல உக்கார வச்சி இட்டுகினு போவணும்." ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்று வெட்டியாக இருந்தவன், மறுநாள் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து உப்புக்காகிதம் தேய்க்க உட்கார்ந்தேன்.

கத்திரி வெயில் வந்தது. பலகைகள் காய்ந்து விலகி, உள்ளே உட்கார்ந்தால் இடுக்கு வழியாக வெளிச்சம் தெரிந்தது. கேப்டன் இதை முதலிலேயே சொல்லியிருந்தார். தரையில் ரொம்ப நாள் வைக்காதீர்கள், வைத்தால் விரிசல் விடும், மறுபடி இறக்கும்போது ஒரு வாரம் ஒழுகும், பம்பை ஓட விட்டுப் பொறுமையாக இருங்கள், மரம் ஊறித் தானே சேர்ந்துகொள்ளும் என்றார். படகை வாங்கிக்கொண்டு வருகிற வழி முழுக்க நீ அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். "படகு ஒழுவணுமாம், அத நாம வேடிக்க பாத்துகினு குந்தி இருக்கணுமாம். முடிச்சூர்க்காரன்கிட்ட வந்து சொல்றாரு பாரு." எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கடையிலிருந்த பசை டப்பாக்கள் அத்தனையும் மனைக்கு வந்து சேர்ந்தன. ஒவ்வொரு இடுக்கிலும் திணித்துத் திணித்து அடைத்தோம். காய்ந்து கல்லாக இறுகியதும் நீ விரலால் தட்டிப் பார்த்து, இனிமேல் ஒரு எறும்பு நுழையட்டும் பார்க்கலாம் என்றாய்.

முட்டுக்காட்டுத் தண்ணீரில் மறுபடி இறக்கிய அன்று லாரிச் சக்கரத்துக்குத்தான் எலுமிச்சம்பழம் வைத்தோம், படகுக்கு எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. சுமதி பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரும்பி வரும்போது ஒரு கையை எடுத்துத் தண்ணீரில் விட்டாள். நீ எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைத்துப் பாடிக்கொண்டிருந்தாய். எனக்குக் கேட்டது.

அந்த வாரமே படகுத்துறை வாட்ச்மேன் போன் செய்தான். போய்ப் பார்த்தால் கூரை மட்டும் வெளியே தெரிந்தது. மேலே தூக்கியபோது அடியில் ஒரு பலகை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு நின்றது. நீ கேப்டனுக்குப் போன் போட்டுக் கத்தினாய். ஒழுக விட்டீர்களா என்று மட்டும் அவர் கேட்டார். நக்கல் பண்ணுகிறான் கிழவன் என்று போனை வைத்துவிட்டாய். பிறகு அவர் வீட்டைக் காலி செய்து மகளோடு வெளிநாடு போய்விட்டார். உளுத்த மரத்தைத் தலையில் கட்டிவிட்டு ஓடிப்போனான் என்பதுதான் உன் முடிவு. இடிந்து போய் உட்கார்ந்திருந்த உன்னிடம், கப்பல் கவிழ்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறாயே என்று வழக்கம்போல யாரும் கேட்க முடியவில்லை. படகை மனைக்கே திருப்பிக் கொண்டுவந்தும் நீ அந்தப் பக்கம் போகவில்லை. நெஞ்சு வலி வந்தது அதற்குப் பிறகுதான். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றார் டாக்டர். எனக்கு என்னவோ அவர் சொன்னது மனசுக்கு ஒப்பவேயில்லை.

நீ போன பிறகு சுமதி படகை என் தலையில் கட்டினாள். புல்வெளியில் நிறுத்தி சீரியல் விளக்குப் போட்டு பார் நடத்தப் போவதாக ஒரு ரிசார்ட்டுக்காரன் கேட்டான். போடா என்று அனுப்பிவிட்டேன். உடைந்த பலகையை மாற்றினேன். மண்ணிவாக்கத்து டிராக்டர் மெக்கானிக் எஞ்சினைக் கழற்றி உப்பு எடுத்து மறுபடி பூட்டினான். நாம் அடைத்த பசையை உளியால் கொத்திக் கொத்தி எடுத்தேன். கல் மாதிரி வந்தது. அதற்குப் பதிலாகப் பஞ்சுத் திரி வைத்து அடைத்தேன், பழைய படகுகளில் அப்படித்தான் இருக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி. அப்போதும் இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. வெறுத்துப் போய்த் தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டு வந்துவிட்டேன்.

மழைக்காலம் வந்து தார்ப்பாய் கிழிந்தது. கொசு ஒழிப்புக்கு வருகிற மாநகராட்சி அம்மா ஒருத்தி என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். படகுக்குள் தண்ணீர் நிற்கிறது, டெங்கு வரும், இன்றைக்கே இறைக்காவிட்டால் அபராதம் என்று சத்தம் போட்டாள். பக்கெட்டை எடுத்துக்கொண்டு ஏறினேன். முழங்கால் அளவு மழைத் தண்ணீர். நாலு பக்கெட் இறைத்து வெளியே ஊற்றியிருப்பேன், அப்போதுதான் உறைத்தது. இறங்கி, சேற்றில் மல்லாந்து படுத்து, படகின் அடியைக் கையால் தடவிப் பார்த்தேன். எங்கேயும் சொட்டவில்லை. உள்ளே நிற்கிற தண்ணீர் வெளியே வரவில்லை என்றால் வெளித்தண்ணீர் எப்படி உள்ளே போகும்? மழையில் ஊறிப் பலகைகள் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன மச்சான். அன்றைக்கு அந்தப் பலகை உளுத்துப் பிடுங்கவில்லை. ஊறி உப்ப இடமில்லாமல் பிடுங்கியிருக்கிறது. அந்த இடத்தைப் பசையால் அடைத்தது நாம். மரம் நல்ல மரம். அந்தக் கேப்டன் உன்னிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

சேற்றிலேயே உட்கார்ந்து வாய் விட்டு அழுதேன். அந்த அம்மா பயந்துபோய், "இன்னா சார், ஒடம்புக்கு முடியலயா?" என்றாள்.

"ஒழுகல, அதான்" என்றேன்.

"அதத்தானே சார் நானும் சொல்லிகினு கீறேன்" என்றாள்.

பிறகு மழை விட்டு மரம் மறுபடி கொஞ்சம் காய்ந்ததும் முட்டுக்காட்டில் இறக்கி, பம்பை ஓட விட்டு, உள்ளே கசிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு அடைக்காமல் உட்கார்ந்திருந்தேன். உன்னை மாதிரி என் கையும் பரபரத்தது. கசிவு குறைந்து குறைந்து நின்றுவிட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் போய் எஞ்சினை ஓட்டுகிறேன், உள்தரைப் பலகையைத் தூக்கி அடியைப் பார்க்கிறேன். காய்ந்து கிடக்கிறது. டீக்கடையில், உன் கடை வாசலில், கல்யாண வீட்டில் என்று உன்னைக் கேலி பேசின ஒவ்வொருத்தனையும் தேடிப்பிடித்துச் சொன்னேன், என் மச்சான் ஏமாறவில்லை என்று. சுமதியை மட்டும் நேரிலேயே கூட்டிப் போய்க் காட்டினேன்.

தொட்டுப் பாரும்மா என்று பலகையைத் தூக்கினேன். பரீட்சையில் பாஸான பையன் மாதிரி அத்தனை பெருமை எனக்கு. அவள் தொட்டுப் பார்த்தாள். ஈரம் ஒட்டாத விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப அவரு ஏமாறலயாண்ணா?"

"இல்லம்மா."

"நான்தாண்ணா அவர ஏமாந்த மனுஷன், ஏமாந்த மனுஷன்னு சொல்லிகினே இருந்தேன். ஆஸ்பத்திரியில கூட சொன்னேன். அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துகினாரு."

அதை நான் யோசிக்கவே இல்லை மச்சான். அன்றிலிருந்து சுமதி அடிக்கடி போன் செய்கிறாள். சாப்பிட்டீர்களா, கலா எப்படி இருக்கிறாள் என்று சுற்றி வளைத்துவிட்டுக் கடைசியில் அங்கேதான் வருகிறாள். படகு இன்னும் நன்றாகத்தான் இருக்கிறதா, கொஞ்சம்கூட ஒழுகவில்லையா என்கிறாள். ஒழுகுகிறது என்று நான் சொல்ல மாட்டேனா என்று காத்திருக்கிற குரல் அது. ஒவ்வொரு தடவையும் உனக்காக விட்டுக்கொடுக்காமல், ஒழுகவில்லை என்றே சொல்லி வந்தேன். போனை வைத்ததும் அவள் என்ன செய்வாள் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. உனக்குப் போன மானம் திரும்பி வந்தது, அவளுக்குத் தூக்கம் போய்விட்டது.

அடுத்த தடவை கேட்டால், ஆமாம்மா, பழையபடி ஒழுக ஆரம்பித்துவிட்டது, அது உளுத்த மரம்தான் என்று சொல்லிவிடப் போகிறேன். நீ கோபித்துக்கொள்ளாதே.