ஆறு மணி சேனல்

ஜனக்புரி, புதுடெல்லி
20.11.1988

அன்புள்ள இன்பராணிக்கு, ஜெபராஜ் எழுதுவது.

கர்த்தர் கிருபையால் நானும் ஷீபாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் இடுப்பு வலி தேவலையா? வேறு வார்டு கேட்டாயா? குவைத்தில் கேட்காவிட்டால் யாரும் தரமாட்டார்கள்.

சேனலை ஏன் மூடினீர்கள் என்று கோபித்துக் கேட்பாய். நீ லீவில் கொண்டுவந்த வி.சி.ஆரில் ஆரம்பித்தது, கேட்க உனக்கு உரிமை உண்டு. ரேடியோ ரிப்பேர் கடை வேணு மாடி மாடியாக ஏறி ஒயர் இழுத்து, முப்பத்திரண்டு வீட்டுக்குக் கனெக்‌ஷன் கொடுத்தான். மாதச் சந்தா கட்டினால் தினமும் ஆறிலிருந்து ஏழு வரை பிள்ளைகளுக்குக் கார்ட்டூன். நானும் பேங்க் விட்டதும் பஸ்ஸில் தொங்கி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேசட்டைப் போடுவேன். ஆகஸ்டில் பட்டம் விட்ட பயல்களின் மாஞ்சா சிக்கிப் பாதி ஒயர் போச்சு. பிறகு பக்கத்து பிளாக்கில் ஒருத்தன் தினம் இரண்டு இந்திப் படம் காட்ட ஆரம்பித்தான். இப்போது நம்மிடம் மிச்சம் ஏழு வீடு.

இதெல்லாம் வேணுவுக்குச் சொன்ன காரணம். உனக்கு உண்மையை எழுதுகிறேன்.

ஜூலையில் அனுப்பிய கேசட்டின் கடைசியில், ஷீபாவுக்கென்று சிநேகிதியின் கேமராவில் காக்கா கதை சொல்லியிருந்தாயே, அதை வேணு முன்னால் பார்க்காமல் ஓடவிட்டுவிட்டான். அத்தனை வீட்டிலும் நீ! மறுநாள் படிக்கட்டு முழுக்கப் பிள்ளைகள், அங்கிள், கவ்வாவாலி ஆன்ட்டியை ஃபிர் சே போடுங்கள் என்று. காக்கா ஆன்ட்டி மறுபடி வேண்டுமாம். பஞ்சாபிப் பிள்ளைகளுக்கு உன் திருநெல்வேலித் தமிழில் என்ன புரிந்ததோ! கா கா என்று கத்தினாயே, அது புரிந்திருக்கும். நம்மவளுக்கு ஒரே பெருமை, மேரி மம்மி ஹை, என் அம்மா என்று ஒவ்வொருத்தரிடமும் சொன்னாள். அன்றுமுதல் தினமும் சேனல் உன்னோடுதான் முடிந்தது.

கதை முடிந்ததும் கையை ஆட்டி, சரி ராசாத்தி, அம்மா வாரேன் என்கிறாய். உடனே ஷீபா எழுந்து தலை வாரிக்கொண்டு, கதவைத் திறந்து படிக்கட்டில் போய் நிற்பாள். விளையாடத்தான் போகிறாள் என்று நான்கு மாதம் நினைத்திருந்தேன். மடையன் நான். போன வாரம் காய்ச்சலோடு அந்தக் குளிரில் நின்றாள். உள்ளே வா என்று கத்தினேன். மம்மி வாரேன் போலா நா அப்பா, சொன்னாங்கல்ல, வரும்போது கதவு பந்த் இருந்தா என்று கேட்டாள்.

படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நம் ஊரில் போகும்போது போறேன் என்று சொல்லக்கூடாது பிள்ளே, வாரேன் என்றுதான் சொல்ல வேண்டும் என்று விளக்கினேன். கொஞ்சம் யோசித்தாள். அப்போ சச்சி, நிஜமா வரும்போது என்ன சொல்வாங்க என்றாள். அப்போதும் வாரேன்தான் என்றேன். அவளே கதவைச் சாத்திவிட்டு வந்து படுத்துக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலை. இப்போது காய்ச்சல் விட்டுவிட்டது, பயப்படாதே.

அதனால்தான் நேற்றோடு நிறுத்திவிட்டேன். அந்தக் கேசட் பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது.

காண்ட்ராக்டை இன்னும் இரண்டு வருஷம் நீட்டவா என்று கேட்டிருக்கிறாய். எனக்குச் சொல்லத் தெரியவில்லை இன்பம். ரொம்பக் களைத்துப்போனேன். நீ அங்கே என்னைவிடக் களைத்திருப்பாய் என்பதும் தெரியும். கையெழுத்துப் போட்டாலும் கோபிக்க மாட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். தமிழில் ஓர் எழுத்தும் தெரியாத பிள்ளை, அந்த ஒரு வார்த்தையை என்னிடம் எழுதி வாங்கிப் படித்துவைத்திருக்கிறாள். உன் கடிதம் வந்தால் முதலில் கடைசி வரியைத்தான் தேடுகிறாள்.

கர்த்தர் உன்னைச் சுகமாக வைத்திருக்கட்டும். இனிமேல் வாரேன் என்று எழுதினால், தேதி போட்டு எழுது.

உன்
ஜெபராஜ்