ஞாயிற்றுக்கிழமை ஃபேக்ஸ்

அன்பு மகள் ஷீனாவுக்கு, கம்பம்மெட்டிலிருந்து அம்மா எழுதுகிறேன். மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீ உடம்பும் மனசும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு முட்டுவலியும் விடவில்லை, மழையும் விடவில்லை.

பொறுமையாகப் படி. ஜூன் மாதம் நம் ஏலக்காய்க் கடைக்கு அப்பா இன்டர்நெட் போன் வைத்தார். பேச ஒரு லைன், ஃபேக்ஸுக்கு ஒரு லைன். வடக்கத்தி வியாபாரிகள் பழைய நம்பருக்கே அனுப்பிப் பழகியவர்கள் என்று அதை ஃபேக்ஸுக்குக் கொடுத்துவிட்டு, பேசப் புது நம்பர் வாங்கினார். ஊரெல்லாம் சொன்னோம், பங்குச் சாமியார் வரைக்கும். உனக்குச் சொல்லவில்லை. மூணாறு வரனை நீ வேண்டாம் என்றதும், இனிமே ஒம் போன எடுத்தா ஏன்னு கேளு என்று நான் கத்தினேனே, அந்த வாரம்தான் அது. அவளே கூப்பிடட்டும் என்று வீம்பாக இருந்தேன். உனக்குப் பழைய நம்பர் மட்டும்தான் தெரியும் என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

நாலு மாதம் உன்னைக் கல்நெஞ்சுக்காரி என்று ஏசாத நாளில்லை. அழைப்பு வந்து பக்கம் எதுவும் வராவிட்டால், கூப்பிட்ட நம்பரையும் நேரத்தையும் அச்சடித்து ஃபேக்ஸ் மெஷின் ஒரு தாளைத் தள்ளும். பின்பக்கம் எழுத ஆகும் என்று அப்பா அவற்றைச் சேர்த்து வைப்பார். கடையில் வேலை பார்க்கும் சிவசங்கரி போன வாரம் அந்தத் தாள்களைத் திருப்பிப் பார்த்துவிட்டு, என்ன ஆன்ட்டி, எல்லாம் ஒரே வெளிநாட்டு நம்பரு, எல்லாம் ஞாயித்துக்கெழம பன்னெண்டரை என்றாள். பதின்மூன்று தாள். பூசை முடிந்து நாங்கள் வரும் நேரம் பார்த்து அடித்திருக்கிறாய். முன்னறைக் கடையில் அது கீச்சிடுவதைக் கேட்டுக்கொண்டேதான் அப்பாவுக்குச் சோறு போட்டேன், பாவி. நீ கூப்பிட்டால் கீச்சொலி மட்டும் கேட்கட்டும் என்று நான் வேண்டுமென்றே அப்படி வைத்தேன் என்று நினைத்திருப்பாய். இப்போது மூன்று வாரமாக அந்தத் தாளும் வரவில்லை. இந்த லைனில் வெளிநாட்டுக்குப் பேச முடியாது. அப்பா கம்பத்துக்கு இறங்கிப் போய் இரண்டு தரம் அடித்தார், நீ எடுக்கவில்லை. தெரியாத நம்பர் என்று விட்டிருப்பாய், அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

கல்யாணப் பேச்சை விட்டுவிட்டேன், மல்லுக்கட்டத் தெம்பில்லை. ஈரத்தலையோடு டூட்டிக்கு ஓடாதே.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அப்பா ஃபேக்ஸ் வயரைப் பிடுங்கிவிட்டு அங்கே ஒரு போனைச் சொருகினார். வியாபாரி அனுப்பினால் என்ன செய்வீர்கள் என்றேன். திங்கக்கெழம அனுப்பட்டும் என்றார். இருட்டும் வரை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், சோற்றையும் அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். இனி எல்லா ஞாயிறும் அப்படித்தானாம்.

மாதா உன்னைக் கைவிட மாட்டாள். மறக்காதே, அதே பழைய நம்பர்தான்.

உன் அம்மா,
இருதயம்மாள்