அப்பாவின்ரை அறிவித்தல் எழுதின கை

ஆனி 6, திங்கள்

வெயில். இடக்கையாலை எழுதுறன், கோழி கிண்டினமாதிரி. அப்பா செத்து இண்டைக்கு இருபத்தோராம் நாள். செத்தவீட்டுக்கு அடுத்தநாளே வலக்கை விறைச்சது. ஸ்கான், நரம்புச் சோதினை எல்லாம் சரியாம். என்ரை வானை ஓட்டேலாது. முப்பத்தோராம் நாள் கீரிமலைக் கடற்கரையிலை அந்தியேட்டிக் கிரியை. எந்தக் கையாலை செய்யிறது?

டொக்டர் கவுன்சிலிங்குக்கு எழுதித் தந்தார்.

"கதைச்சாக் கை வருமோ டொக்டர்?"

சிரிச்சார். என்ரை மனுசி பக்கத்து வீட்டிலை, நான் பிசியோதெரபிக்குப் போறன் எண்டு சொல்லிவைச்சிட்டா. இல்லாட்டி விசர் எண்டு கதை வருமாம்.

ஆனி 8, புதன்

கவுன்சிலிங். செய்யிறவ சின்னப் பிள்ளை, மிஸ் எண்டு கூப்பிடுறன்.

"கை விறைக்க முதல் என்ன வேலை செய்தனீங்கள் ஐயா?"

மரண அறிவித்தல் எழுதினன். பேப்பருக்கு, நோட்டீசுக்கு. பிள்ளையளின்ரை பேர் வரிசையாப் போடவேணும். அண்ணை கடைசி யுத்தத்தோடை காணாமல் போனவர். உயிரோடை இருக்கிறவையோடை போட்டால் எங்கை எண்டு சனம் கேக்கும். அச்சகத்திலை அவசரப்படுத்தினாங்கள். பேருக்கு முன்னாலை 'காலஞ்சென்ற' எண்டு எழுதிக் குடுத்திட்டன்.

அம்மா இண்டைவரைக்கும் அண்ணையின்ரை படத்துக்கு மாலை போட விடுறேல்லை. நோட்டீசை மதில்லை கண்டு வாசிச்சா. அதோடை என்னோடை முகம்குடுத்துக் கதைக்கிறேல்லை.

எல்லாம் சொன்னன். பஸ் நேரம் சொன்னமாதிரி. அழுகை ஒண்டும் வரேல்லை.

"அம்மாட்டைக் கதைச்சனீங்களோ?"

இல்லை.

வரேக்கை சுன்னாகச் சந்தையிலை கத்தரிக்காய், வெங்காயம் வாங்கினம். பையை மனுசி தூக்கினா.

ஆனி 13, திங்கள்

மழை. அம்மாட்டைக் கதைச்சனீங்களோ எண்டு மிஸ் திரும்பவும் கேட்டா. எரிச்சல் வருது எண்டன். அது நல்லது எண்டு சொன்னா. உதென்ன நல்லது?

பின்னேரம் அம்மாட்டைப் போனன். கீரை ஆய்ஞ்சுகொண்டிருந்தா.

"அதை நான்தான் எழுதினன் அம்மா."

"வேறை ஆர் எழுதுறது."

"கோவமோ?"

"அவன்ரை பேருக்கு என்ன போடுறதெண்டு நான் சொல்லியிருக்கவேணும். வாய் வரேல்லை. உன்னை எழுத விட்டிட்டன்."

பிறகு, சாப்பிட்டியோ எண்டா. ஓம் எண்டன். கை அப்பிடியேதான்.

ஆனி 16, வியாழன்

கீரிமலை. சரியான சனம். காத்து. எள்ளும் தண்ணியும் வலக்கையாலைதான் விடவேணும் எண்டார் ஐயர். விரல் மடங்கேல்லை. எள்ளு கொட்டுண்டு போச்சு. எல்லாரும் பாத்தினம். வெக்கம்.

அம்மா எழும்பி வந்து, என்ரை கைக்குக் கீழை தன்ரை கையைக் குடுத்துப் பிடிச்சா. அப்பாவுக்கு விட்டம். முடிஞ்சுது எண்டு நான் எழும்பப் போனன். அவ கையை விடேல்லை.

"உன்ரை அண்ணனுக்கும் ஒருக்கா விடு."

விட்டன். வலக்கையிலை தண்ணி குளிர்ந்தது.